வார்கிராஃப்ட் 3: ஹியூமன் அணியைப் புதிதாக எடுப்பவர்களுக்குப் பெசன்ட், மரம், இரண்டாவது சுரங்கம்

வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டின் நான்கு இனங்களில் புதிதாக வருகிறவர்கள் பலர் எடுப்பது ஹியூமனைத்தான். பார்த்ததும் புரிகிற வீரர்கள், பழகிய கோட்டை, குதிரைப்படை. பிறகு ஆன்லைனில் ஓர் ஓர்க்கிடமோ நைட் எல்ஃபிடமோ மாட்டுவார்கள். எட்டு நிமிடத்தில் பேஸ் (உங்கள் கட்டடங்கள் உள்ள தளம்) எரிந்துவிடும், ஏன் என்றே தெரியாது. நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். அப்போது கையில் கிடைத்த குறிப்புகள் எல்லாம் ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு எழுதியவை. எது எவ்வளவு விலை, எதை எப்போது கட்டுவது, எங்கே பணம் முடங்கும் என்று அடிப்படையிலிருந்து யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். ஹியூமனின் ஆரம்ப வீரர்கள் ஒண்டிக்கு ஒண்டி நின்றால் ஓர்க்கின் தொடக்க வீரனான கிரண்டிடம் தோற்பார்கள். இந்த அணியின் சொத்து பெசன்ட் என்ற வேலையாள்தான். பல பெசன்ட்கள் சேர்ந்து ஒரே கட்டடத்தைச் சீக்கிரம் எழுப்பலாம், மணி அடித்தால் ஆயுதம் ஏந்துவார்கள், போர்க்களத்தில் இயந்திரங்களையும் பழுது பார்ப்பார்கள். ஆகவே உங்கள் வேலை முதலில் ஒரு தொழிற்சாலையை ஓட்டுவது, சண்டை அதற்கு அப்புறம்.

விலைகள் எல்லாம் ஃப்ரோசன் த்ரோன் என்ற விரிவாக்கத்தின் விதிப்படி. பேட்ச்களில் (புதுப்பிப்புகளில்) அவ்வப்போது சிறு மாற்றம் வரும். பொத்தான் மேல் மவுஸை வைத்தால் அன்றைய விலை தெரிந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையிருப்பைப் பாருங்கள்

உங்களுக்குத் தருவது 500 தங்கம், 150 மரம், 5 பெசன்ட், ஒரு டவுன்ஹால் (தலைமைக் கட்டடம்). டவுன்ஹால் 12 உணவு தரும். ஒரு ஃபார்ம் 6 உணவு தரும், விலை 80 தங்கம், 20 மரம். எத்தனை ஆட்களை வைத்திருக்கலாம் என்பதை உணவுதான் தீர்மானிக்கும், அதன் உச்ச வரம்பு 100. ஒரு பெசன்ட் 75 தங்கம், 1 உணவு, 15 வினாடி.

முதல் பயிற்சியைக் கம்ப்யூட்டரோடு நார்மல் நிலையில் ஆடுங்கள். இன்சேன் நிலையில் கம்ப்யூட்டருக்கு வருமானம் இரட்டிப்பு. அதோடு மோதினால் ஹியூமன் பொருளாதாரத்தைக் கற்றுக்கொள்ள முடியாது, தப்பிப் பிழைப்பதைத்தான் கற்பீர்கள்.

விசைப்பலகையில் இரண்டு பழக்கங்கள் உடனே வேண்டும். F8 அழுத்தினால் சும்மா நிற்கிற பெசன்டிடம் போகலாம். கட்டடம் கட்டச் சொன்னபின் ஷிஃப்டைப் பிடித்தபடி மரத்தை வலது கிளிக் செய்தால், கட்டி முடித்ததும் அவனாகவே மரம் வெட்டப் போய்விடுவான். இந்த இரண்டாவது பழக்கம் இல்லாதவர்களின் பேஸில் கட்டடத்துக்கு ஒரு ஆள் வீதம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2. முதல் நிமிடம்

ஆட்டம் திறந்ததும் முதல் வேலை டவுன்ஹாலில் பெசன்ட் பொத்தானை அழுத்துவது. மற்றதெல்லாம் அப்புறம்.

ஐந்து பேரில் மூன்று பேர் தங்கச் சுரங்கத்துக்கு. ஒருவர் ஹீரோ வெளிவரும் ஆல்ட்டரைக் கட்டட்டும் (180 தங்கம், 50 மரம், 60 வினாடி). இன்னொருவர் ஃபார்ம் கட்டட்டும். இப்போது கையில் 165 தங்கம் இருக்கும், அடுத்த இரண்டு பெசன்ட்களுக்குப் போதும். புதிதாக வரும் முதல் இருவரும் தங்கத்துக்குப் போனால் சுரங்கத்தில் ஐந்து பேர் ஆகிவிடுவார்கள். ஒரு சுரங்கத்துக்கு அந்த ஐந்துதான் கணக்கு. ஆறாவது ஆளைப் போட்டால் வாசலில் வரிசையில் நிற்பாரே தவிர வருமானம் கூடாது. ஏழாவது பெசன்டுக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் மரத்துக்கு. டவுன்ஹாலின் ரேலி பாயிண்டை (புதிய ஆட்கள் தானாகப் போகும் இடம்) ஒரு மரத்தின் மேல் வைத்துவிடுங்கள்.

ஃபார்ம் ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஏழு பெசன்ட், ஹீரோவுக்கு 5 உணவு. 12 அங்கேயே தீர்ந்தது. ஃபார்ம் தாமதித்தால் ஹீரோ வரும் நேரத்தில் டவுன்ஹால் சும்மா கிடக்கும்.

160 தங்கம் சேர்ந்ததும், படைவீரர்கள் தயாராகும் பேரக்ஸ் (60 மரம்). அதன் பின்னால் இரண்டாவது ஃபார்ம். கூட்டிப் பாருங்கள்: ஆல்ட்டர் 50, ஃபார்ம் 20, பேரக்ஸ் 60, ஃபார்ம் 20. மொத்தம் 150. தொடக்கத்தில் தந்த மரம் அத்தோடு சரி.

பொறி: க்யூவில் (தயாரிப்பு வரிசையில்) ஐந்து யூனிட்டை அடுக்கி வைப்பது. க்யூவில் சேர்த்த நொடியே அத்தனைக்கும் தங்கம் கழிந்துவிடும். நாலு ஃபுட்மேனை (காலாட்படை வீரன்) வரிசையில் போட்டால் 540 தங்கம் போயிற்று, ஆனால் வெளியே வருவது ஒரு நேரத்தில் ஒருவன்தான். ஒன்று தயாராகும்போது இன்னொன்று க்யூவில், அதற்கு மேல் வேண்டாம்.

3. மரம்தான் உங்களைத் தடுக்கும்

புதியவர்கள் தங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹியூமனின் கழுத்தைப் பிடிப்பது மரம். அடுத்த சில நிமிடங்களில் வேண்டியவற்றைப் பாருங்கள்: இரண்டாவது டவுன்ஹால் 205 மரம், இரண்டு கார்டு டவர் (காவல் கோபுரம்) 140, டவுன்ஹாலின் அடுத்த படியான கீப் 210. மொத்தம் 555. ஒரு பெசன்ட் ஒரு நடைக்குக் கொண்டுவருவது 10 மரம். அதாவது ஐம்பத்தாறு நடை, ஃபார்ம்கள் தனி.

ஆகவே ஐந்தாறு பேர் எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். லம்பர் மில்லுக்கு 120 தங்கம், மரமே வேண்டாம். அதைக் காட்டை ஒட்டிக் கட்டினால் வெட்டிய மரத்தை அங்கேயே இறக்கலாம், நடை பாதியாகும். டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் அழகாக வரிசையாகக் கட்டி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. பிறகு அதிலேயே மரம் வெட்டும் மேம்பாட்டை எடுத்தால் ஒரு நடைக்கு 20 கிடைக்கும். கீப் வந்ததும் அடுத்த படி, 30. ஆட்டம் நீளும் என்று தெரிந்தால் இதைவிட லாபமான செலவு ஹியூமனில் கிடையாது. கார்டு டவருக்கும் லம்பர் மில் வேண்டும் என்பதால் எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள்.

4. ஹீரோவும் முதல் ஃபுட்மேன்களும்

முதல் ஹீரோவுக்குத் தங்கமும் மரமும் வேண்டாம், 5 உணவு மட்டும். அடுத்த ஹீரோ 425 தங்கம், 100 மரம், அதற்குக் கீப்பும் வேண்டும். ஆல்ட்டர் ஒரு நிமிடம், ஹீரோ கிட்டத்தட்ட இன்னொரு நிமிடம். உடனே தொடங்கியிருந்தால் இரண்டு நிமிடம் முடியும்போது ஹீரோ கையில் இருப்பார்.

ஹீரோக்களில் ஆர்ச்மேஜை எடுங்கள். மவுண்டன் கிங் பார்க்கக் கம்பீரமாக இருப்பார், ஆனால் அவரை வைத்துத் தனியாக கிரீப் (வரைபடத்தில் காவல் நிற்கும் நடுநிலை உயிர்கள்) அடித்தால் ரத்தம் சீக்கிரம் இறங்கும். ஆர்ச்மேஜ் வரவழைக்கும் வாட்டர் எலிமென்டல் ஒரு நிமிடம் நிற்கும். அடி வாங்க அதை முன்னால் விட்டால் உங்கள் ஃபுட்மேன்கள் பிழைப்பார்கள். ஃபுட்மேன் 135 தங்கம், 2 உணவு, மரம் வேண்டாம். இரண்டு மூன்று பேர் போதும்.

மினிமேப்பில் கிரீப் முகாம்கள் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று தெரியும். பச்சைதான் எளிது, அதில் தொடங்குங்கள். இன்னொன்று: ஆட்டம் காலை 8 மணிக்குத் தொடங்கும், மாலை 6 மணிக்கு இருட்டும். நிஜ நேரத்தில் அது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இரவில் பெரும்பாலான கிரீப்கள் தூங்கும். அருகே போனாலும் எழாது, அடித்தால்தான் எழும். இந்த இரவு அடுத்த படிக்குத் தேவை.

5. இரண்டாவது சுரங்கம்

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். ஓர்க் அடுத்த சுரங்கத்தைப் பிடிப்பதைத் தள்ளிப்போட்டாலும் படையால் சமாளிப்பார். ஹியூமன் தள்ளிப்போட்டால் பின்தங்குவார். விரைவாக இரண்டாவது சுரங்கத்துக்குப் போகும் கருவிகள் உங்களிடம்தான் இருக்கின்றன.

முதலில் எந்தச் சுரங்கம் என்பது. உங்கள் பேஸுக்கு மிக அருகில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். சற்றுத் தொலைவில் காவல் குறைவாக இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். மிலிஷியா (ஆயுதம் ஏந்திய பெசன்ட்கள்) அங்கே போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இருட்டும் நேரத்தில் ஆர்ச்மேஜும் ஃபுட்மேன்களும் முகாமருகே போய் நிற்கட்டும். அப்போது மரம் வெட்டுகிற நாலைந்து பேரைத் தேர்ந்து கால் டு ஆர்ம்ஸ் கட்டளை கொடுங்கள். அவர்கள் டவுன்ஹாலுக்கு ஓடி, மிலிஷியாவாக மாறி வருவார்கள். முக்கால் நிமிடம் போல அந்த வேடம் நிற்கும். தங்கத்தில் உள்ள ஐவரைத் தொடாதீர்கள், வருமானம் நின்றால் இந்தத் திட்டமே விழும். மிலிஷியா வந்து சேரும்போது சண்டையைத் தொடங்குங்கள். எலிமென்டல் முதலில், ஃபுட்மேன் அடுத்து, மிலிஷியா பின்னால். பெரிய கிரீப்பை எல்லாரும் சேர்ந்து அடித்து முதலில் வீழ்த்துங்கள். ரத்தம் குறைந்த மிலிஷியாவைச் சற்றுப் பின்னால் இழுத்துவிட்டால் கிரீப் வேறு ஆளைத் தேடும்.

நேரம் முடிந்ததும் மிலிஷியா நின்ற இடத்திலேயே பெசன்டாக மாறிவிடுவார்கள். இதை மற்ற இனக்காரர்கள் பொறாமையோடுதான் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த நாலு பேரும் இப்போது சுரங்க வாசலில், கட்டத் தயாராக நிற்கிறார்கள்.

டவுன்ஹால் விலை 385 தங்கம், 205 மரம். ஒருவர் தொடங்கட்டும், மற்றவர்கள் அந்தக் கட்டடத்தை வலது கிளிக் செய்து சேர்ந்துகொள்ளட்டும். ஆள் கூடக்கூட வேகம் கூடும், செலவும் கூடும், அது கட்டும்போதே கையிருப்பிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். கையில் மிச்சம் இல்லாமல் தொடங்கினால் உதவிக்கு வந்தவர்கள் கைகட்டி நிற்பார்கள். நாலைந்து பேர் சரியான அளவு. டவுன்ஹாலைச் சுரங்கத்துக்கு எவ்வளவு நெருக்கமாக ஆட்டம் அனுமதிக்குமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். ஒரு அடி விலகினாலும் ஆட்டம் முழுக்க ஒவ்வொரு நடையிலும் அதற்கு விலை கொடுப்பீர்கள்.

இது எப்போது திரும்பி வரும்? டவுன்ஹால் 385, ஐந்து புதிய பெசன்ட் 375, ஆக 760 தங்கம். ஒரு நடைக்கு 10 தங்கம் என்றால் 76 நடை, ஆளுக்குப் பதினைந்து பதினாறு நடை. கூட்டாகக் கட்டிய கூடுதல் செலவு இதில் சேரவில்லை. அதோடு இந்த டவுன்ஹாலும் 12 உணவு தருகிறது. அது இரண்டு ஃபார்மின் வேலை, 160 தங்கம் அங்கே மிச்சம்.

பொறி: எதிரி பாதிக் கட்டடத்தில் வந்துவிட்டால் பலர் கடைசிவரை போராடிக் கட்டடத்தையும் ஆட்களையும் சேர்த்து இழப்பார்கள். காப்பாற்ற முடியாது என்று தெரிந்த நொடியில் கேன்சல் செய்யுங்கள். விலையில் முக்கால் பங்கு திரும்பி வரும். பெசன்ட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம்.

இன்னொன்று, இதையெல்லாம் தொடங்கும் முன்பே ஒரு பெசன்டை எதிரி பேஸுக்கு அனுப்பிப் பாருங்கள். அவர் இரண்டு பேரக்ஸ் போட்டு ஆட்களை அடுக்கிக்கொண்டிருந்தால் சுரங்கம் காத்திருக்கட்டும், முதலில் வீட்டில் டவர்.

6. பிடித்ததைக் காப்பது

ஸ்கவுட் டவர் 30 தங்கம், 20 மரம். அதைக் கார்டு டவராக மாற்ற 70 தங்கம், 50 மரம். புதிய சுரங்கத்தில் இரண்டு போதும். வைக்கும் இடம்தான் முக்கியம். புதியவர்கள் எதிரி வரும் வழியில், முன்னால் தள்ளி வைப்பார்கள். எதிரி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பெசன்ட்களை வெட்டுவார். சுரங்கத்துக்கும் டவுன்ஹாலுக்கும் நடுவே பெசன்ட் நடக்கும் பாதையை அம்பு எட்டும்படி வையுங்கள். எதிரி அதிகம் ஹீரோவையும் மாய உருவங்களையும் நம்பி ஆடினால் ஒன்றை ஆர்க்கேன் டவராக்கலாம், அது மானாவைக் கரைக்கும், வரவழைத்த உருவங்களை நன்றாக அடிக்கும்.

ஓர்க்கின் பிளேட்மாஸ்டர் என்ற ஹீரோ வின்ட் வாக் போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் வந்து பெசன்ட்களைக் கொல்வது பழைய வழக்கம். மேஜிக் சென்ட்ரி மேம்பாடு இருந்தால் டவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கும். அதுவரை, அவர் வந்தால் எல்லாப் பெசன்ட்களையும் மிலிஷியா ஆக்கிச் சுற்றி வளையுங்கள். ஆறு பேர் வளைத்தால் அவரும் ஓடத்தான் பார்ப்பார்.

ஆனால் டவரை நம்பித் தூங்காதீர்கள். எதிரிகளின் முற்றுகை இயந்திரங்களான டெமாலிஷர், மீட் வேகன், கிளெய்வ் த்ரோவர் எல்லாம் டவர் எட்டாத தூரத்திலிருந்து அடிக்கும். டவர் உங்களுக்கு வாங்கித் தருவது நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் படை வந்து சேர வேண்டும். முதல் ஹீரோவோடு ஒரு டவுன் போர்ட்டல் ஸ்க்ரோல் (படையை உடனே வீட்டுக்குக் கொண்டுவரும் சுருள்) இலவசமாக வரும், அதைக் கிரீப் சண்டையில் தப்பிக்க வீணாக்காதீர்கள். அடுத்தது வாங்க 300 தங்கத்துக்கு மேல் ஆகும்.

7. ஐம்பதாவது உணவு

உணவு 50 வரை தங்கம் முழுதாக வரும். 51-இல் இருந்து 80 வரை பத்துக்கு ஏழு. 81-இல் இருந்து பத்துக்கு நாலு. இதுதான் அப்கீப். திரையின் மேலே பச்சை, மஞ்சள், சிவப்பாக எழுத்து மாறும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு சுரங்கத்துக்குப் பத்துப் பேர், மரத்துக்கு ஆறு பேர், ஹீரோவுக்கு 5. ஆக 21. ஐம்பதுக்குள் படைக்கு 29 உணவுதான் இருக்கிறது, பதினாலு ஃபுட்மேன் அளவு. அதனால் 50-இல் ஒரு முறை நில்லுங்கள். அங்கே நின்று, வருகிற தங்கத்தைக் கட்டடத்திலும் மேம்பாட்டிலும் போடுங்கள். பிளாக்ஸ்மித், கீப், ஃபுட்மேனின் டிஃபெண்ட் மேம்பாடு, அடுத்த பேரக்ஸ் எல்லாம் உணவு தின்னாதவை. சண்டைக்குப் போகத் தயாரானபின், நல்ல கையிருப்போடு ஒரே மூச்சில் 70, 80-க்குத் தாண்டுங்கள். தாண்டியபின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது சுரங்கம் பிடித்ததே வீண். முன்பு சொன்ன 76 நடை, இந்த மஞ்சள் நிலையில் 109 ஆகிவிடும். படைக்கு ஃபார்ம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். சண்டை நடுவே "உணவு போதாது" என்ற அறிவிப்பு வருவதைப் போல எரிச்சல் வேறில்லை.

8. கீப்பும் பட்டறையும்

கீப்புக்கு 320 தங்கம், 210 மரம், 140 வினாடி. இரண்டாவது டவுன்ஹால் எழுந்து ஐந்து பேர் உள்ளே போனதும் இதைத் தொடங்குங்கள். மாறும் வரை அந்தக் கட்டடத்தில் பெசன்ட் எடுக்க முடியாது, ஆகவே புதிய டவுன்ஹாலில் எடுத்துக்கொள்ளுங்கள். கீப்பையும் இரண்டாவது டவுன்ஹாலையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டுமே தாமதமாகும்.

படைக்குத் தொடக்கத்தில் ரைஃபிள்மேன் நல்லது: 205 தங்கம், 30 மரம், 3 உணவு, பிளாக்ஸ்மித் வேண்டும். தூரத்தில் நின்று சுடுவதால் கட்டுப்படுத்துவது எளிது. கூடவே ஆர்க்கேன் சாங்க்டமில் இரண்டு மூன்று ப்ரீஸ்ட் இருந்தால் காயம் ஆறும். பிளாக்ஸ்மித்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிடியுங்கள். துப்பாக்கிப் படை என்றால் கன்பவுடரும் தோல் கவசமும். ஃபுட்மேன், நைட் என்றால் வாளும் இரும்புக் கவசமும். இரண்டிலும் ஒவ்வொரு படி ஏறுவது பணத்தைப் பங்கு போட்டு வீணடிப்பது.

ஒர்க்ஷாப் 140 தங்கம், 140 மரம். மார்ட்டர் டீம் எதிரி டவர்களை எட்டி நின்று உடைக்கும், ஆனால் பக்கத்தில் வந்தவரை அதனால் அடிக்க முடியாது, முன்னால் ஆள் வேண்டும். சீஜ் என்ஜின் கட்டடங்களுக்கு எமன். அதோடு இரண்டு பெசன்ட்களையும் அனுப்புங்கள். ரிப்பேர் பொத்தானை வலது கிளிக் செய்து தானியங்கியாக வைத்தால், அடி வாங்க வாங்க அவர்கள் பழுது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எதிரி அந்தப் பெசன்ட்களைத் தேடி வந்தால் உங்கள் ரைஃபிள்களின் வாயில் விழுவார்.

கடைசியாக, முதல் சுரங்கத்தை அவ்வப்போது சொடுக்கிப் பாருங்கள், மீதம் எவ்வளவு என்று தெரியும். பழைய வரைபடங்கள் பலவற்றில் தொடக்க அளவு 12,500. அது 2,000-க்குக் கீழே வந்ததும் மூன்றாவது சுரங்கத்தின் கிரீப்களை அடிக்கத் தொடங்குங்கள். முழுக்கத் தீர்ந்தபின் கிளம்பினால், புதிய டவுன்ஹால் எழும் வரை ஐந்து பேர் வேலையில்லாமல் நிற்பார்கள். மூன்றாவது டவுன்ஹாலுக்குப் புதிய பெசன்ட் எடுக்க வேண்டாம், அந்த ஐவரையே கட்டுவதற்கு அனுப்புங்கள்.